விசிறி நிற்கக் கூடாது: பழைய விமானங்களைப் படமெடுத்தலும் அந்தப் படங்களைக் காத்தலும்

கிருஷ்ணகிரியில் திருமணங்களையும் காதணி விழாக்களையும் படமெடுத்துப் பிழைப்பவன் நான். 2019 பிப்ரவரியில் பெங்களூருவின் எலஹங்கா விமானப்படைத் தளத்தில் நடந்த ஏரோ இந்தியா காட்சிக்கு முதன்முறையாகப் போனேன். அன்று இரண்டாம் உலகப்போர்க் காலத்து டகோட்டா விமானம் தாழப் பறந்து வந்தபோது, கையிலிருந்த கேமராவை ஒரு நொடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்ற ஷட்டர் வேகத்தில் வைத்துப் படபடவென்று சுட்டேன். ஓடும் பொருளை உறைய வைக்க ஷட்டரைக் கூட்ட வேண்டும் என்பதுதானே நமக்குத் தெரிந்த பாடம். படங்கள் கத்தி முனைபோல் தெளிவாக வந்திருந்தன. பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் கேமராவின் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஃபேன் நின்னுபோச்சு பாருங்க தம்பி, அப்புறம் விமானம் எப்படிப் பறக்கும்?" என்றார். அவர் சொன்னது சரி. இரண்டு என்ஜின்களின் ப்ரொப்பெல்லர்களும் அசையாமல் நிற்க, விமானம் நூலில் கட்டித் தொங்கவிட்ட பொம்மைபோல் வானத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஜெட் விமானத்தை எந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தாலும் இந்தக் குறை தெரிவதில்லை, ஏனென்றால் அதில் கண்ணுக்குத் தெரியும்படி சுழலும் பாகம் எதுவும் இல்லை. பழைய விமானத்தின் உயிரோ முன்னால் சுழலும் அந்தத் தகடுகளில்தான் இருக்கிறது. ஆகவே ரஃபேல் ஜெட்டுக்கும் விமானப்படையின் சாகச அணியான சூர்யகிரணின் ஹாக் விமானங்களுக்கும் பழகிய கை, பழைய விமானம் வரும்போது தன் பழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எவ்வளவு மெதுவான ஷட்டரில் கை நடுங்காமல் எடுக்கிறீர்கள் என்பதே இங்கே தேர்ச்சி.

வீட்டு மின்விசிறியில் தொடங்குங்கள்

ஷட்டர் வேகத்தைத் தீர்மானிக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ப்ரொப்பெல்லர் ஒரு நிமிடத்தில் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அந்த எண்ணை 6ஆல் பெருக்கி, ஷட்டர் வேகத்தின் கீழ் எண்ணால் வகுத்தால், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒவ்வொரு தகடும் எத்தனை பாகை நகர்கிறது என்பது கிடைக்கும். டகோட்டாவின் ஒவ்வொரு என்ஜினும் 14 சிலிண்டர் கொண்ட பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப். சாதாரணமாகப் பறக்கும்போது என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 2050 சுற்றுச் சுற்றினாலும், இடையிலுள்ள பல்சக்கரம் 16க்கு 9 என்ற விகிதத்தில் அதைக் குறைத்துவிடுவதால், ப்ரொப்பெல்லர் ஏறக்குறைய 1150 சுற்றுதான் சுற்றுகிறது. 1150ஐ 6ஆல் பெருக்கி 125ஆல் வகுத்தால் 55 பாகை வரும். மூன்று தகடுகளுக்கிடையே 120 பாகை இடைவெளி இருப்பதால், 1/125 நொடியில் வட்டத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி மங்கலாக நிரம்பும்; 1/60 நொடியில் 115 பாகை, அதாவது வட்டம் கிட்டத்தட்ட முழுதாக நிரம்பிவிடும். நான் வைத்திருந்த 1/2000 நொடியில் தகடு நகர்ந்தது வெறும் மூன்றரைப் பாகை. பெரியவரின் கேலிக்குக் காரணம் அந்த மூன்றரைப் பாகைதான்.

ஹார்வர்டு பயிற்சி விமானத்தின் கதை வேறு. அதன் 600 குதிரைத்திறன் கொண்ட ஒன்பது சிலிண்டர் வாஸ்ப் என்ஜினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் இடையே வேகம் குறைக்கும் பல்சக்கரம் கிடையாது. என்ஜின் சுற்றும் அதே வேகத்தில் இரண்டு தகடுகளும் சுற்றும். புறப்படும் நேரத்தில் தகடுகளின் நுனி ஒலியின் வேகத்தை எட்டிவிடுவதால்தான் அந்த விமானத்துக்கே உரிய கர்ணகடூரமான கரகரப்பு எழுகிறது. நிமிடத்துக்கு 2000 சுற்று என்று வைத்துக்கொண்டால், 1/250 நொடியிலேயே 48 பாகை நகர்ந்துவிடும். எனவே ஒரே காட்சியில் ஹார்வர்டுக்கு 1/250 போதும் என்றால், டகோட்டாவுக்கு அதில் பாதிக்கு இறங்க வேண்டும். டைகர் மாத்தும் ஹார்வர்டைப் போலவே பல்சக்கரம் இல்லாத இரண்டு தகட்டு விமானம்தான். அதற்கும் 1/250 நல்ல தொடக்கம். ஹெலிகாப்டரின் மேல் சுழலியோ நிமிடத்துக்கு முந்நூறைச் சற்றுத் தாண்டும் அளவுக்கே சுற்றும் என்பதால், சாரங் அணியின் துருவ் ஹெலிகாப்டர்களுக்கு 1/125கூட அதிகம்.

இந்தக் கணக்கைக் கண்ணால் கண்டால்தான் நம்பிக்கை வரும். அதற்குப் பெங்களூரு வரை போக வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மூன்று இறக்கை மேசை மின்விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1300 சுற்றுச் சுற்றும். அது டகோட்டாவின் ப்ரொப்பெல்லருக்கு ஏறக்குறைய ஒப்பு. தலைக்கு மேலிருக்கும் கூரை மின்விசிறி நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று என்பதால் ஹெலிகாப்டருக்கு ஒப்பு. மேசை மின்விசிறியைப் பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரம் வைத்து, முன்பக்கக் கம்பிக் கூண்டைக் கழற்றாமலேயே, 1/2000இல் தொடங்கி 1/1000, 1/500, 1/250, 1/125, 1/60 என்று ஒவ்வொன்றாக இறக்கிப் படமெடுங்கள். குழல்விளக்கு, எல்.இ.டி. விளக்கு வெளிச்சத்தில் எடுத்தால் அவற்றின் துடிப்பினால் படத்தில் பட்டை விழும் என்பதால் பகல் வெளிச்சம் அவசியம். ஆறு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இறக்கை எந்த இடத்தில் "நிற்பதை" விட்டுச் "சுற்றத்" தொடங்குகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். என் கண்ணுக்கு அது 1/250க்கும் 1/125க்கும் இடையில் தெரிகிறது. வட்டம் முழுதும் நிரம்பிய 1/60 படத்தைவிட, இறக்கையின் வடிவம் நிழலாகத் தெரியும் 1/125 படமே எனக்கு அழகு. இதில் அவரவர் ரசனைதான் முடிவு.

அதே மின்விசிறியைக் கைபேசியில் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இறக்கைகள் வாழைப்பழம்போல் வளைந்தோ, தண்டிலிருந்து கழன்று தனியாக மிதப்பது போலவோ தெரியும். சென்சார் படத்தை வரிவரியாக மேலிருந்து கீழே வாசிப்பதும், அதற்குள் இறக்கை இடம் மாறிவிடுவதுமே இதற்குக் காரணம். கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்களில் சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டாலும் பலவற்றில் இதே கோளாறு வரும். கோயில் திருமணங்களில் சத்தம் கேட்கக் கூடாதென்று நான் எப்போதும் அதையே போட்டு வைத்திருப்பேன். விமானம் எடுக்கக் கிளம்பும்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்ற வேண்டும் என்று கேமராப் பையிலேயே சீட்டு ஒட்டியிருக்கிறேன்.

மின்விசிறி நின்ற இடத்தில் சுற்றுகிறது, விமானமோ ஓடுகிறது. ஓடுவதைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பிக்கொண்டே எடுக்கும் பழக்கத்துக்கு நம் மாவட்டத்தில் தைமாதத்தைப் போல் வாய்ப்பு வேறில்லை. ஏரோ இந்தியா நடக்கும் ஆண்டுகளில் அது பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். அதற்கு முந்தைய வாரங்களில்தான் ஊர் ஊராக எருது விடும் விழா நடக்கும். தடுப்புக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டு, பாய்ந்து வரும் எருதை 1/125 நொடியில் பின்தொடர்ந்து எடுங்கள். எருதின் கண் தெளிவாகவும் பின்னாலிருக்கும் கூட்டம் கோடுகளாகவும் வந்துவிட்டால், டகோட்டா உங்களுக்குப் பெரிய சோதனையாக இருக்காது. எருது திடீரென்று திரும்பும். விமானம் அப்படிச் செய்வதில்லை. ஆண்டின் மற்ற மாதங்களில் கே.ஆர்.பி. அணைப் பக்கம் வட்டமிடும் பருந்துகளும், நீரை ஒட்டிப் பறக்கும் கொக்குகளும் இதே பயிற்சியைத் தரும்.

எங்கே, எந்தப் பக்கம்

நம் பகுதியிலிருந்து பழைய விமானங்களைப் பார்க்க எட்டக்கூடிய இடம் பெங்களூருதான். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர், கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு, தருமபுரிக்காரர்களுக்கு இன்னும் ஒரு நாற்பத்தைந்து. ஆனால் எலஹங்கா நகரத்தின் வடகோடியில் இருப்பதால், ஊரைக் கடப்பதற்கே தனியாக நேரம் ஒதுக்க வேண்டும். விடியும் முன் நகரத்தைக் கடந்துவிட வேண்டுமென்று நான் இரவு இரண்டரை மணிக்கே கிளம்பிவிடுவேன். 1996 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்துவரும் இந்தக் காட்சியில் முதல் நாட்கள் தொழில்துறையினருக்கும் கடைசி நாட்கள் பொதுமக்களுக்கும் என்பது வழக்கம். எந்தெந்தப் பழைய விமானங்கள் பறக்கும் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், சீட்டு வாங்கும் முன் அந்த ஆண்டின் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது. விமானப்படை நாளான அக்டோபர் 8ஐ ஒட்டிய காட்சியும் இப்போது ஊர் மாறி நடக்கிறது: 2022இல் சண்டிகர், 2023இல் பிரயாக்ராஜ், 2024இல் சென்னை.

பறக்காத பழைய விமானங்களுக்கு, பெங்களூருவில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின் பாரம்பரிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1951இல் முதலில் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானத்தையும், ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் உருவாக்கி 1961இல் பறந்த மாருத் போர் விமானத்தையும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். வான்காட்சிக்குப் போகும் முன் அங்கே ஒருநாள் சுற்றி, விமானத்தின் எண் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, வால் எப்படி இருக்கிறது, எந்தக் கோணத்தில் அது கம்பீரமாகத் தெரிகிறது என்று மனத்தில் பதித்துக்கொண்டால், வானத்தில் பத்து நொடியில் கடந்து போகும்போது கை தடுமாறாது.

வெயில் எந்தப் பக்கம் என்பதை வீட்டிலேயே கணக்கிட்டுவிடலாம். ஓடுபாதையின் எண்ணோடு ஒரு பூஜ்யம் சேர்த்தால் அது நோக்கும் திசை பாகையில் கிடைக்கும். எலஹங்காவின் ஓடுபாதை 09/27 என்றால் 90 பாகைக்கும் 270 பாகைக்கும், அதாவது கிழக்கு மேற்காகக் கிடக்கிறது என்று பொருள். பிப்ரவரியில் சூரியன் நாள் முழுவதும் வானத்தின் தென்பாதியிலேயே நகரும். ஆகவே ஓடுபாதைக்குத் தெற்கே நின்று வடக்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். வடக்கே நின்று தெற்கே பார்த்தால் நாளெல்லாம் எதிர்வெயில். சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று நடந்த காட்சியில் விமானங்கள் கடலுக்கு மேலே, கிழக்கே பறந்ததால், முற்பகலில் கரையில் நின்றவர்களுக்குக் கூசும் வெளிச்சமே கிடைத்தது. அன்று வெயிலும் நெரிசலும் சிலர் உயிரையே வாங்கிவிட்டன. தண்ணீர், தொப்பி, திரும்பிப் போகும் வழி ஆகிய மூன்றையும் லென்ஸைப் பற்றி யோசிக்கும் முன்பே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு எதிரி கானல். வெயில் ஏற ஏற ஓடுபாதையின் கான்கிரீட்டிலிருந்து எழும் வெப்பக்காற்று, தூரத்து விமானத்தைத் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியவைக்கும். அதை எந்த விலையுயர்ந்த லென்ஸாலும் வெல்ல முடியாது, கம்ப்யூட்டரில் கூர்மை கூட்டினால் நெளிவும் சேர்ந்து கூடும். தரையில் ஓடும் விமானத்தைக் காலை ஒன்பதரை மணிக்குள் எடுத்துவிடுவதும், அதன்பின் உயரே, நம் அருகே வரும்போது மட்டும் சுடுவதுமே வழி. இங்கிலாந்தில் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் மிகப் பழைய விமானங்களைக் காற்று அடங்கிய மாலையில்தான் பறக்க விடுகிறார்கள். அந்தப் பொன்வெயில் படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு நாம் நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

விமானப்படைத் தளம் காட்சி நாளில் மட்டுமே நமக்குத் திறந்த இடம். மதிலோரம் நின்று எடுப்பதும், ட்ரோன் விடுவதும் சிறைவரை கொண்டுபோகக்கூடிய வேலைகள்.

களத்தில்

லென்ஸ் விஷயத்தில் பெரிய கவலை வேண்டாம். டகோட்டா பெரிய விமானம், மெதுவாகவும் வரும். 70-300 லென்ஸே போதும். டைகர் மாத் போன்ற சிறிய இரட்டை இறக்கை விமானத்துக்கு 400 முதல் 600 வரை இருந்தால் நல்லது. 150-600 லென்ஸைச் சொந்தமாக வாங்குவதைவிடப் பெங்களூருவில் இரண்டு நாள் வாடகைக்கு எடுப்பதே என் யோசனை, ஏனென்றால் அந்தக் கனத்தைத் திருமண மண்டபத்தில் எங்கும் பயன்படுத்த முடியாது. முக்காலி உதவாது, விமானம் தலைக்கு மேல் போகும்போது அது காலைத்தான் இடறும்.

கேமராவைத் தொடர் ஃபோகஸிலும் தொடர் சுடுதலிலும் வைத்து, ஃபோகஸ் புள்ளிகளில் நடுவிலுள்ள சிறு கூட்டத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். லென்ஸில் நடுக்கம் குறைக்கும் வசதி இருந்தால், கிடைமட்டமாகத் திருப்பி எடுப்பதற்கென்று உள்ள நிலையைப் போடுங்கள். கேனான் லென்ஸ்களில் அது இரண்டாம் நிலை, நிகான் லென்ஸ்களில் பலவற்றில் ஸ்போர்ட் என்றிருக்கும். சாதாரண நிலையில் விட்டால், நீங்கள் வேண்டுமென்றே திருப்புவதையும் நடுக்கம் என்று எண்ணி அது எதிர்த்து இழுக்கும்.

ஷட்டர் வேகம் குறையும்போது வெளிச்சம் கூடிவிடும் என்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகிறார்கள். நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100இல் 1/125 வைத்தால் லென்ஸின் துளை (அபெர்ச்சர்) எஃப் 14 வரை சுருங்க வேண்டியிருக்கும். 1/60இல் எஃப் 20 ஆகும். அவ்வளவு சுருங்கினால் படத்தின் கூர்மை குறைவதோடு, சென்சாரில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு தூசியும் வெளிர்நீல வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். நம் ஊர்ச் செம்மண் புழுதியில் லென்ஸ் மாற்றிப் பழகியவர்களின் சென்சாரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. லென்ஸின் முன்னால் வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினால் 1/60 நொடியிலும் எஃப் 10இல் நிற்கலாம். என் பையில் நான் செலவழித்ததற்கு அதிகப் பலன் தந்த பொருள் அதுதான்.

வெளிச்ச அளவைக் கேமராவின் தானியங்கிக்கு விடாதீர்கள். வெளுத்த வானம் பின்னால் இருந்தால் அது விமானத்தைக் கறுப்பாக்கும், மரங்கள் பின்னால் வந்தால் வெளுப்பாக்கும். வெயில் மாறாதவரை, அதே வெயில் விழும் புல்தரையைப் பார்த்து ஒருமுறை அளவிட்டுக் கைமுறையில் நிறுத்திவிட்டால், வானம் மாறினாலும் விமானம் மாறாது. விமானத்தின் வயிறு மிக இருண்டால் மட்டும் அரை ஸ்டாப் வெளிச்சம் கூட்டுங்கள். பயிற்சி விமானங்களுக்கு மஞ்சள் பூசுவது பழைய வழக்கம். அந்த மஞ்சள் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும் என்பதால், வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமில் சிவப்பு வண்ணக் கோட்டைத் தனியாகப் பாருங்கள்.

இனி உடல். விமானம் உங்களுக்கு நேரெதிரே வரப்போகும் இடத்தை நோக்கிப் பாதங்களை முதலில் ஊன்றிக்கொண்டு, இடுப்பை மட்டும் முறுக்கி, விமானம் வரும் திசைக்குத் திரும்புங்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும். தூரத்திலேயே அதைக் கேமராவின் வ்யூஃபைண்டருக்குள் பிடித்து, முறுக்கு மெல்ல மெல்ல அவிழ்வதுபோல் உடலைத் திருப்பிக்கொண்டே வந்து, நேரெதிரே வருவதற்குச் சற்று முன்பிருந்து சுடத் தொடங்குங்கள்; விரலை எடுத்த பிறகும் ஒரு நொடி திருப்பிக்கொண்டே இருங்கள். சுட்டதும் நிறுத்துபவரின் கடைசிப் படங்களெல்லாம் கலங்கியிருக்கும். நம்மை நோக்கி வரும் விமானத்தின் மூக்கும் வாலும் கண்ணுக்கு வெவ்வேறு வேகத்தில் நகர்வதால், மெதுவான ஷட்டரில் ஒன்று தெளிந்தால் மற்றொன்று மங்கும். பக்கவாட்டில் நேராகக் கடக்கும் அந்த ஒரு கணத்தில்தான் மூக்கு முதல் வால் வரை ஒரே சீராக வரும்.

எல்லாப் படங்களையும் மெதுவான ஷட்டரில் எடுத்துச் சூதாட வேண்டாம். முதல் சுற்றில் 1/320 வைத்து நிச்சயமான படங்களைச் சேர்த்துவிட்டு, இரண்டாம் சுற்றில் 1/160, அதற்குப் பிறகு 1/125 என்று இறங்குங்கள். 1/60இல் 400 மில்லிமீட்டர் லென்ஸோடு எனக்கு நூறு படத்தில் மூன்றோ நான்கோதான் தேறுகின்றன; அந்த மூன்றுக்காகவே அடுத்த முறையும் போகிறேன்.

அன்றிரவே

பெரியவர் சொன்னபிறகு 2019இல் நானும் ஷட்டரை 1/125க்கு இறக்கி, அடுத்த சுற்றில் டகோட்டாவை நன்றாகவே எடுத்தேன். தகடுகள் நிழலாகச் சுழன்றன, என்ஜினுக்குப் பின்னால் எண்ணெய்க் கறைகூடத் தெளிவாகத் தெரிந்தது. இரவு வீடு திரும்பி, மெமரி கார்டை மடிக்கணினியில் போட்டு நகலெடுக்க விட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன். நள்ளிரவில் மின்சாரம் போக, பேட்டரி செத்த அந்த மடிக்கணினி பாதியில் அணைந்திருக்கிறது. காலையில் ஃபோல்டரில் படங்கள் இருப்பதைப் பார்த்து, எண்ணிக்கையைச் சரிபார்க்காமல், கார்டை ஃபார்மட் செய்துகொண்டு முகூர்த்தத்துக்குப் போய்விட்டேன். தங்கியவை முதல் பாதிப் படங்கள், அதாவது ப்ரொப்பெல்லர் நின்றவை. இன்று என் ஸ்டூடியோச் சுவரில் டகோட்டா என்று தொங்குவது அவற்றில் ஒன்றுதான்.

ஃபார்மட் செய்தால் படங்கள் உடனே அழிவதில்லை; அவற்றின் பட்டியல்தான் அழிகிறது. அந்த இடத்தில் வேறு படம் எழுதப்படும்வரை, ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தவறிக் கார்டை ஃபார்மட் செய்துவிட்டால் அந்த நொடியே அதைக் கேமராவிலிருந்து எடுத்துவிட வேண்டும். நான் அதன்மேல் ஒரு திருமணத்தையே எழுதிவிட்டிருந்தேன். சில துண்டுகள் கிடைத்தன, அவையும் பெயரின்றி, வரிசையின்றி.

அதற்குப் பிறகு நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. கார்டிலுள்ள படங்கள் இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்குகளில் ஏறி, இரண்டிலும் எண்ணிக்கையும் மொத்த அளவும் கார்டோடு ஒத்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே கார்டை ஃபார்மட் செய்வேன், அதையும் கம்ப்யூட்டரில் அல்லாமல் கேமராவில்தான் செய்வேன். நகலெடுத்ததைத் தானே சரிபார்க்கும் டெராகாப்பி போன்ற மென்பொருள் இந்த வேலையை எளிதாக்குகிறது. 24 மெகாபிக்சல் கேமரா பதியும் மூலக் கோப்பான ரா கோப்பு ஒன்று ஏறக்குறைய 28 எம்.பி. வரும், ஒரு நாளில் 2400 படம் எடுத்தால் 67 ஜி.பி. ஆகும். ஒரே 256 ஜி.பி. கார்டில் முழு நாளையும் பணயம் வைப்பதைவிட, 64 ஜி.பி. கார்டுகள் மூன்றை மாற்றி மாற்றிப் போடுவதையே நான் விரும்புகிறேன். நிரம்பிய கார்டைப் பெட்டியில் கவிழ்த்து வைத்தால் குழப்பம் வராது.

ஃபோல்டரின் பெயர் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தொடங்கட்டும். 2019-02-23 என்று எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரும் அவற்றைத் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். நம் வழக்கப்படி நாளை முன்னால் போட்டால், பதினைந்து ஆண்டுகளின் முதல் தேதிகளெல்லாம் ஒன்றாய் வந்து நிற்கும். கேமரா தரும் கோப்பு எண் 9999ஐத் தாண்டியதும் மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதால், ஒரே பெயரில் இரண்டு படங்கள் உருவாகி ஒன்றையொன்று அழிக்கும் ஆபத்து உண்டு. படங்களைக் கம்ப்யூட்டரில் இறக்கும்போதே தேதியையும் நேரத்தையும் கோப்புப் பெயரில் சேர்க்கும்படி மென்பொருளுக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டு கேமரா கொண்டுபோனால் இரண்டின் கடிகாரங்களையும் காலையில் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். மறந்துவிட்டால் இரண்டாலும் கைபேசியின் கடிகாரத்தை ஒரு படம் எடுத்து வைத்தால் போதும், பிறகு வித்தியாசத்தைக் கணக்கிட்டுத் திருத்திவிடலாம்.

கழிக்கும் வேலையை அன்றே தொடங்காதீர்கள். களைத்த கண்ணுக்கு எல்லாப் படமும் நன்றாகத் தெரியும். இரண்டு நாள் கழித்து உட்கார்ந்து, முதல் ஓட்டத்தில் விமானி அறையும் எண்ணும் மங்கியவற்றை மட்டும் தள்ளுங்கள். அடுத்த ஓட்டத்தில் ஒரே காட்சியின் பத்துப் படங்களில் ஒன்றைத் தேர்ந்து நட்சத்திரம் இடுங்கள். எனக்கு 2400இல் 180 மிஞ்சும், அவற்றில் வெளியே காட்டத்தக்கவை இருபத்தைந்து. டிஜிகாம், டார்க்டேபிள் ஆகிய இரண்டு மென்பொருள்களும் காசின்றிக் கிடைப்பவை, இந்த வேலைக்கு நிறைவாகப் போதும். ரா கோப்பின் திருத்தங்களும் நட்சத்திரங்களும் அதே பெயர்கொண்ட சிறிய எக்ஸ்.எம்.பி. கோப்பில் தனியாக இருக்கும் என்பதால், படத்தை வேறிடத்துக்கு மாற்றும்போது அதையும் சேர்த்தே மாற்றுங்கள்.

பழைய விமானப் படத்துக்குக் குறிப்பு எழுதுவதில் சோம்பல் கூடாது. திருமணப் படத்தில் யார் மாப்பிள்ளை என்று பிறகு கேட்டால் சொல்ல ஆளிருக்கிறது. டகோட்டாக்கள் பத்தாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டவை, எண் இல்லாமல் எது எதுவென்று சொல்ல முடியாது. நம் விமானப்படையின் டகோட்டாவுக்குப் பரசுராமா என்று பெயர், எண் வி.பி. 905. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமெண்ட் வீரர்களோடு ஸ்ரீநகரில் இறங்கிய டகோட்டாவின் எண்ணை நினைவாக இதற்கு இட்டிருக்கிறார்கள். அந்த எண் குறிப்பில் இருந்தால்தான் படத்தைப் பார்ப்பவருக்கு அந்தக் கதை கிடைக்கும். தரையில் நிற்கும் ஒவ்வொரு விமானத்திலும் முதலில் வாலில் உள்ள எண்ணை ஒரு படம் எடுத்துவிடுவது என் வழக்கம். குறிப்பில் விமானத்தின் வகை, எண், என்ஜின், இடம், தேதி ஆகியவற்றோடு மாற்றுப் பெயரையும் சேருங்கள். ஹார்வர்டு என்று நாம் சொல்வதை அமெரிக்கர்கள் டெக்ஸன் என்பார்கள். தமிழில் எழுதுவதாக இருந்தால் யூனிகோடில் மட்டும் எழுதுங்கள், டி.டி.பி. கடைப் பழக்கத்தில் பாமினி எழுத்துருவில் தட்டச்சிய குறிப்பு வேறு கம்ப்யூட்டரில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். கோப்பின் பெயரையோ ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வைப்பதே தொல்லையற்றது.

நண்பர்களுக்கு அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அளவு சுருங்குவதோடு நீங்கள் எழுதிய குறிப்பும் உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே அலமாரியில் இருந்தால் இடி, திருட்டு, கரையான் எல்லாவற்றுக்கும் இரண்டும் ஒன்றுதான். மூன்றாவது பிரதி ஓசூரில் என் தங்கை வீட்டுப் பீரோவில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை அங்கே போகும்போதும் புது டிஸ்க்கைக் கொடுத்துப் பழையதை வாங்கி வருவேன். நீண்ட காலம் மின்சாரமின்றிக் கிடந்தால் எஸ்.எஸ்.டி.யில் எழுதியது மங்கக்கூடும் என்பதால், பீரோவில் வைப்பதற்குச் சுழலும் ஹார்டு டிஸ்க்கே ஏற்றது. போகியன்று வீட்டிலுள்ள பழைய சாமான்களை எல்லாம் ஒழித்துக் கட்டும்போது, மூன்று டிஸ்க்குகளையும் வரவழைத்து மேசையில் அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குப் பத்துப் படமாகத் திறந்து பார்க்கிறேன். திறக்க மறுப்பது ஏதேனும் இருந்தால் மற்ற டிஸ்க்கிலிருந்து அன்றே நகலெடுத்துவிட்டு, ஐந்து ஆண்டு தாண்டிய டிஸ்க்கை மாற்றிவிடுகிறேன். அது முடிந்த கையோடு கேமராவின் சென்சாரைச் சுத்தம் செய்து வைத்துவிட்டால், எருது விடும் விழாவுக்கு எல்லாம் தயார்.